கற்பனைக்கு இரண்டு பொருள்

பழைய கிறித்தவத் தமிழில் ‘கற்பனை’ என்றால் கட்டளை. மோசே மலையிலிருந்து கொண்டுவந்தவை பத்துக் கற்பனைகள். பழைய மொழிபெயர்ப்பு வாசிக்கப்படும் ஆலயங்களில் இன்றும் கற்பனைகளைக் கைக்கொள்ளும்படியே சபையாருக்கு அறிவுறுத்தப்படுகிறது. ஆலயத்தின் வாசற்படிக்கு வெளியே வந்தால் அதே சொல்லுக்கு வேறு பொருள்: கண்முன் இல்லாததை மனத்தால் காணுதல். ஒரு சொல் இப்படி இரு வேறு திசைகளில் நடப்பது தமிழுக்குப் புதிதன்று. நாம் இங்கே செய்யப்போவதும் சொல்லாராய்ச்சி அன்று. வேதத்தை முதற்பொருளில் மட்டுமே வாசிக்கப் பழகியதால், தன்னைத் தானே ஓயாது தண்டித்துக்கொள்ளும் மனிதர்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கி வருகிறோம் என்பதும், அந்த உள்மன்றத்தைக் கலைக்க வல்லது இரண்டாம் பொருளே என்பதும் நம் வாதம். பக்தர்களுக்கும் பகுத்தறிவாளர்களுக்கும் இது ஒருசேரக் கசக்கும். கசக்கட்டும்.

‘மனச்சாட்சி’ என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். தனித்தமிழ் அன்பர்கள் ‘மனச்சான்று’ என்பர். எப்படிச் சொன்னாலும் உள்ளே இருப்பது சாட்சிதான். அது நடந்ததைக் கண்டது. கேட்டால் கண்டதைச் சொல்லும். அதற்கு மேல் அதற்கு அதிகாரமில்லை. ஆனால் நம் பிரசங்க பீடங்களிலும் பட்டிமன்ற மேடைகளிலும், ஏன், இலக்கியக் கட்டுரைகளிலுங்கூட இச்சொல் ஆளப்படும் விதத்தைப் பாருங்கள். சாட்சி என்றோ கூண்டிலிருந்து இறங்கி நீதிபதியின் இருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டது. குற்றம் சாட்டுவதும் அதுவே, விசாரிப்பதும் அதுவே, தீர்ப்பெழுதுவதும் அதுவே, தண்டனையை நிறைவேற்றுவதும் அதுவே. முறையான எந்த நீதிமன்றமும் ஒப்பாத இந்த ஏற்பாட்டுக்கு ‘அறவுணர்வு’ என்று பெயர் சூட்டியிருக்கிறோம். பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் மனச்சாட்சிக்குக் கொடுக்கும் வேலை சாட்சி சொல்வது மட்டுமே. கொரிந்தியருக்கு எழுதிய முதற்கடிதத்தின் நான்காம் அதிகாரத்திலோ, தம்மைத் தாமே தீர்ப்பிடும் வேலையைக்கூடத் தாம் செய்வதில்லை என்கிறார்; அந்த நாற்காலி வேறொருவருடையது என்பது அவர் நிலை. ஒருகாலத்தில் சபையைத் துன்புறுத்திய மனிதர் இதைச் சொல்கிறார் என்பதை மறந்துவிட வேண்டாம். தன்னைத் தண்டித்துக்கொள்ளக் காரணம் தேடினால் அவருக்கு அது குறைவின்றிக் கிடைத்திருக்கும்.

பழியைப் பாதிரிமார் தலையில் மட்டும் போடுவது நேர்மையாகாது. தமிழிலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. சிலப்பதிகாரத்தின் பாண்டியன் நெடுஞ்செழியனை நாம் எப்படிக் கொண்டாடுகிறோம்! சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்தில், தானே கள்வன் என்று தனக்குத் தானே தீர்ப்பளித்து அரியணையிலேயே உயிர் விட்டான். வளைந்த கோலை உயிர் கொடுத்து நிமிர்த்தினான் என்று பள்ளி மாணவன் முதல் பேராசிரியர் வரை உருகுகிறோம். அந்தத் தீர்ப்பால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? எதிரே நின்ற கண்ணகிக்கு ஒரு மறுமொழி கிடைக்கவில்லை. கோப்பெருந்தேவி உடன் மாய்ந்தாள். மதுரை எரிந்தது. பிறகு நீர்ப்படைக் காதையில் வரும் செய்தியைப் பெரும்பாலோர் வசதியாகக் கடந்துவிடுகிறோம்: கொற்கையிலிருந்து வந்து அரியணை ஏறிய வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான். குற்றம் செய்த பொற்கொல்லன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர். தன்னைத் தண்டித்துக்கொண்ட அரசன் உயிரோடிருந்து அந்தக் குற்றத்தின் முன் நின்றிருந்தால் அவர்களுள் ஒருவனாவது பிழைத்திருக்கக்கூடும். இளங்கோ இதையெல்லாம் மறைக்கவில்லை. நாம்தான் அரசனின் மரணத்தோடு புத்தகத்தை மூடிவிட்டுக் கைதட்டுகிறோம்.

நற்செய்தி நூல்களிலும் இப்படி ஒருவன் உண்டு. யூதாசு இஸ்காரியோத்து மனந்திருந்தவில்லை என்று சொல்வோர் மத்தேயுவின் இருபத்தேழாம் அதிகாரத்தைச் சரியாக வாசிக்காதவர்கள். அவன் வருந்தினான். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனான். குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்ததைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். ஒரு பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவற்றுள் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. அதன்பின் தீர்ப்பையும் தானே எழுதிக்கொண்டு தூக்குக் கயிற்றை நாடினான். அதே இரவில் மூன்று முறை மறுதலித்த பேதுருவோ தனக்கு எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை. வெளியே போய் அழுதார். பின்னர் மீன் பிடிக்கப் போனார். இங்கே யோவான் நற்செய்தியின் ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். பேதுரு மறுதலித்தபோது குளிர்காய்ந்தது கரிநெருப்பில். உயிர்த்த இயேசு கடற்கரையில் மீன் சுட்டு வைத்துக் காத்திருப்பதும் கரிநெருப்பில். அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. மறுதலிப்பின் நெடி அடிக்கும் அதே நெருப்பின் அருகே மூன்று மறுப்புகளுக்கு மூன்று கேள்விகள். அவற்றுள் ஒன்றுகூட ‘ஏன் அப்படிச் செய்தாய்’ என்பதன்று. அன்பு இருக்கிறதா என்பதே கேள்வி. ஆடுகளை மேய்க்கும் வேலையே பதில்.

இதைக் கட்டளையாக வாசித்தால் ‘பேதுருவைப் போல மனந்திரும்பு’ என்பது மிஞ்சும். அதுவும் ஒரு சுமைதான். போதுமான அளவு திரும்பினோமா என்று உள்நீதிபதி மறுநாளே கேட்கத் தொடங்குவார். கற்பனையால் வாசித்தால் நடப்பது வேறு. ஈரத் துணியோடு கரையேறிக் கரிப்புகையை முகர்ந்து நிற்கும் மனிதனின் பக்கத்தில் நாமும் நிற்கிறோம். நம்மிடம் கேட்கப்படும் கேள்வியும் மாறிவிடுகிறது.

இந்த வாசிப்பு முறையை இலக்கிய அன்பர்கள் இங்கே கண்டுபிடிக்கவில்லை. இதன் மிகப் பெரிய பயிற்சியாளர் பாஸ்க் நாட்டுப் போர்வீரரான லொயோலா இஞ்ஞாசியார். 1521இல் பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு காலை முறித்தது. வீட்டில் படுத்துக் கிடந்தவர் வாசிக்கக் கேட்டவை வீரதீரக் காதற்கதைகள். அவை அங்கே இல்லை. கிடைத்தவை புனிதர் வரலாறு ஒன்றும், சாக்சனி நாட்டு லுதோல்ஃபு எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கையும். பின்னது, நற்செய்தி நிகழ்ச்சிகள் தன் கண்முன்னே நடப்பதுபோல் வாசகன் காண வேண்டும் என்று வற்புறுத்தும் நூல். (கதைப்புத்தகம் கிடைக்காததால் ஒரு துறவற சபையே உருவான விந்தையை நூலக ஆர்வலர்கள் குறித்துக்கொள்ளலாம்.)

ஆனால் நமக்கு இஞ்ஞாசியார் முக்கியமாவது மதமாற்றத்தால் அன்று. அடுத்த ஆண்டு மன்ரேசாவில் அவர் பட்ட பாட்டால். மொன்செராத்தில் மூன்று நாள் எடுத்துக்கொண்டு தம் வாழ்நாள் பாவங்களையெல்லாம் எழுதி அறிக்கையிட்டவர் அவர். இருந்தும் ஏதோ ஒன்று விடுபட்டுவிட்டது என்ற எண்ணம் அரித்தது. மீண்டும் மீண்டும் அறிக்கை செய்தார். மிகத் தெளிவாகத் தெரியும் பாவத்தை மட்டும் சொன்னால் போதும் என்றார் குரு. இவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன. ஒரு நாய்க்குட்டியின் பின்னே போனால்தான் தீர்வு கிடைக்கும் என்றாலும் போகிறேன் என்று கடவுளிடம் கதறினார். அறையிலிருந்த பெரிய துவாரத்தின் வழியே குதித்து உயிரை விட்டுவிடும் எண்ணமும் பலமுறை எழுந்தது. ஒரு வாரம் உணவின்றி இருந்தார். குரு தடுத்த பிறகு இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் பழைய கணக்கு மீண்டும் விரிந்தது. இவற்றையெல்லாம் பிற்காலத்தில் அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லி எழுதுவித்திருக்கிறார். இறுதியில் அவர் விடுபட்டது எல்லாப் பாவத்தையும் சொல்லி முடித்ததனால் அன்று. இந்தக் கணக்குப்பார்ப்பு எங்கிருந்து வருகிறது, எங்கே கொண்டுசெல்கிறது என்று பார்த்து, பழையவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்ததனால்.

இலத்தீனில் இந்நோய்க்கு வழங்கும் பெயரின் மூலப்பொருள் கூர்மையான சிறு கல். செருப்புக்குள் புகுந்துகொண்ட கல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலின் இறுதியில் இதைப் பற்றித் தனிக் குறிப்புகளே எழுதினார். தரையில் சிலுவை வடிவில் கிடந்த இரண்டு வைக்கோலை ஒருவன் தெரியாமல் மிதித்துவிட்டுப் பாவம் செய்துவிட்டேன் என்று முடிவுகட்டுகிறான். இது தவறான தீர்ப்பு, அவ்வளவே என்கிறார். அதைவிட ஆழமானது மிதித்த பிறகு வந்து நின்று ‘பாவமோ, அன்றோ’ என்று அலைக்கழிக்கும் எண்ணம். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த மனநூல்கள் சொன்னவற்றுள் எவ்வளவோ இந்த வைக்கோலில் இருக்கிறது.

1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அந்நூல் வாசிப்பதற்கான புத்தகம் அன்று, செய்வதற்கான குறிப்பேடு. இலக்கிய இன்பம் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். ஆயினும் அதில் கிறிஸ்து பிறப்பைத் தியானிக்கும் பகுதியைப் புனைகதை எழுதுவோர் படிக்க வேண்டும். நாசரேத்திலிருந்து பெத்லகேம் வரையிலான சாலையை மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார். அதன் நீளம் என்ன, அகலம் என்ன, சமதளமா, பள்ளத்தாக்கும் குன்றுமா? குகை பெரிதா சிறிதா, உயரமா தாழ்வா? விவிலியத்தில் இவற்றுக்கு விடை இல்லை. வாசகனே இட்டு நிரப்ப வேண்டும். பிறகு அந்தக் குகையில் ஓர் ஏழைப் பணியாளாகத் தன்னை நிறுத்திக்கொண்டு வேண்டிய பணிவிடை செய்யவேண்டும். இதில்தான் சூட்சுமம். தண்ணீர் சுமப்பவனுக்கும் விளக்குப் பிடிப்பவனுக்கும் தன் தகுதியைப் பற்றி விசாரணை நடத்த நேரமில்லை. உள்நீதிபதியோடு வாதாடி வென்றவர் எவருமில்லை. அவருக்குத் தெரியாத சட்டமில்லை. அவரை மன்றத்தோடு விட்டுவிட்டு வேறோர் இடத்துக்குப் போய்விடுவதே வழி. இடம் மாறுவதற்குக் கற்பனையைத் தவிர வேறு வாகனம் இல்லை.

கற்பனை இருபக்கமும் கூர் உள்ள கத்தி என்று ஓர் எதிர்வாதம் எழும். நியாயமானதே. அதே பயிற்சியின் முதல் வாரத்தில் நரகத்தை ஐம்புலன்களாலும் உணரச் சொல்லும் பகுதி உண்டு: நெருப்பைக் காண்பது, ஓலத்தைக் கேட்பது, கந்தகத்தை முகர்வது. இயேசு சபைப் பள்ளிகளில் படித்த ஜேம்ஸ் ஜாய்ஸ் 1916இல் வெளிவந்த தம் நாவலின் மூன்றாம் பகுதியில் அந்த மரபின் நரகப் பிரசங்கத்தை எழுதிக் காட்டியிருக்கிறார். ஒரு சிறுவனின் உள்ளே நீதிபதி எப்படி முடிசூட்டப்படுகிறார் என்பதற்கு அதைவிடச் சிறந்த ஆவணம் உலக இலக்கியத்தில் அரிது. ஆனால் இஞ்ஞாசியாரின் நூலில் அந்தத் தியானம் நெருப்போடு முடிவதில்லை. இதுவரை தன்மேல் காட்டப்பட்ட இரக்கத்துக்கு நன்றி சொல்லி முடிகிறது. அதற்கும் முன்பே, பாவத்தைப் பற்றிய முதல் தியானத்தின் இறுதியில், சிலுவையில் தொங்குபவர் முன் நின்று ஒரு நண்பன் நண்பனிடம் பேசுவதுபோல் பேசச் சொல்கிறார். பிரசங்கிகள் நெருப்பை எடுத்துக்கொண்டு நட்பை விட்டுவிட்டார்கள். அச்சத்தால் அவை நிறையும். உரையாடலால் நிறையுமா என்பது ஐயம். நம்மூர்க் கன்வென்ஷன் பந்தல்களின் ஒலிபெருக்கிகள் இத்தேர்வை நன்றாகவே அறிந்திருக்கின்றன.

யோவான் எட்டாம் அதிகாரத்தின் தொடக்கத்துக்கு வருவோம். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை நடுவில் நிறுத்திய காட்சி. இதைப் பற்றி நாம் கேட்ட பிரசங்கங்களில் பெரும்பாலானவை கடைசி வாக்கியத்தையே பிடித்துக்கொண்டன, இனிப் பாவம் செய்யலாகாது என்பதை. அது அங்கே இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு முன் நடப்பவை என்னவாயின? இயேசு குனிந்து தரையில் விரலால் எழுதுகிறார், ஒருமுறையன்று, இருமுறை. என்ன எழுதினார் என்று நற்செய்தி சொல்லவில்லை. கூட்டம் முதியவர் தொடங்கி ஒவ்வொருவராகக் கலைகிறது. அந்த மௌனத்தின் நேரத்தை, அவர் விரல் புழுதியில் நகரும் ஓசையை, கைநழுவி விழும் கல்லை எந்தக் கட்டளைவாசிப்பு தரும்? அங்கே போய் நின்றுபாருங்கள். நம்மில் பலர் பெண்ணின் இடத்தில் நிற்கத் தயாராக இருப்போம். கல்லேந்தியவன் இடத்திலும் நிற்க வேண்டும். இரண்டு பேரும் நம் உள்ளேயே இருப்பதுதான் சிக்கல். குற்றவாளியும் எறிபவனும் ஒரே தோலுக்குள் இருக்கும்போது, முதலில் அங்கிருந்து போக வேண்டியவன் யார் என்பதைக் கதை காட்டித் தருகிறது.

இப்பகுதி யோவான் நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை. சினாய்ச் சுவடியில் இல்லை, வத்திக்கான் சுவடியிலும் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் பேசா சுவடியில் இருக்கிறது. சில படிகளில் லூக்கா நற்செய்திக்குள் போய் ஒண்டிக்கொண்டிருக்கிறது. பாட ஆராய்ச்சியாளர் பலர் இதைப் பிற்சேர்க்கை என்பர். அது அவர்கள் துறை. நமக்குச் சுவையானது அகுஸ்தினார் சொன்ன காரணம்: தம் மனைவியருக்கு இது பாவம் செய்யத் துணிவளித்துவிடும் என்று அஞ்சியவர்களே இதைச் சுவடிகளிலிருந்து நீக்கினார்கள் என்று அவர் கருதினார். அவர் கருதியது வரலாற்றளவில் சரியோ தவறோ, அந்த அச்சம் அன்று இருந்தது உறுதியாகிறது. தண்டனை இல்லாத கதையைக் கண்டு மிரள்பவர்கள் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறார்கள். இன்றும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு. தன்னம்பிக்கை நூல் வியாபாரிகள். உன்னை நீயே மன்னித்துவிடு, கண்ணாடி முன் நின்று உன்னைப் புகழ்ந்துகொள் என்று நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். மன்னிப்பவனும் அதே நீதிபதிதான் என்பது இவர்களுக்கு உறைப்பதில்லை. இன்று விடுதலை எழுதிய கை நாளை தண்டனை எழுதும். இவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை.

முற்போக்கு நண்பர்களின் வினா இவர்களுடையதைவிடக் கனமானது. ஊரை அடித்து உலையில் போட்டவனுக்கும், சேரிக்குத் தீ வைத்தவனுக்கும் உள்ளிருக்கும் நீதிபதியையும் ஓய்வு பெறச் செய்துவிட்டால் என்னாவது என்கிறார்கள். அத்தகையோரின் உள்ளே நீதிபதி இருக்கிறாரா என்பதே முதல் ஐயம். உள்மன்றம் இரவெல்லாம் நடப்பது பெரும்பாலும் வேறு வீடுகளில்: இறந்த தாய்க்கு மருந்து வாங்கித் தரத் தாமதித்த மகள், தேர்வில் தோற்ற மாணவன், கைவிடப்பட்ட பெண். தண்டனை ஏழைகளுக்கே நிறைய வழங்கப்படுவது வெளிமன்றத்தில் மட்டுமன்று. மேலும் தீர்ப்பை விடுதல் என்பது உண்மையை விடுதல் அன்று. சாட்சி தன் கூண்டிலேயே இருக்கட்டும். லூக்கா பத்தொன்பதாம் அதிகாரத்து சகேயுவைப் பாருங்கள். வரி வசூலித்துப் பெருத்தவன், ஊரே வெறுத்தவன், மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். அவனிடம் கணக்கு கேட்கப்படவில்லை. அவன் வீட்டில் விருந்து கேட்கப்பட்டது. இறங்கி வந்தவன் சொத்தில் பாதியை ஏழைகளுக்கென்றும், பறித்ததை நான்கு மடங்காகத் திருப்புவதென்றும் தானே முன்வந்தான். யூதாசு திருப்பிக் கொடுத்தது முப்பது காசு, அதோடு உயிர். நெடுஞ்செழியன் கொடுத்தது உயிர் மட்டும். பறிகொடுத்தவர்கள் கையில் ஏதேனும் போய்ச் சேர்ந்தது யாரால் என்பதை நண்பர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த மரபு தமிழுக்கு அந்நியமாகவே நின்றுவிட்டதென்று எண்ண வேண்டாம். இயேசு சபையில் சேரும் ஒவ்வொருவரும் மேற்சொன்ன பயிற்சியை முப்பது நாள் செய்தாக வேண்டும். இத்தாலியிலிருந்து வந்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவரும் அதைச் செய்து வந்தவரே. 1726இல் முடிந்த அவருடைய ‘தேம்பாவணி’யின் நாயகன் யோசேப்பு, நற்செய்திகளில் ஒரு சொல்கூடப் பேசாத மனிதர். அந்த மௌனத்தை 3,615 பாடல்களால் நிரப்பத் துணிந்த கற்பனை எங்கே பழகியது என்று நம் ஆய்வாளர்கள் கேட்பதில்லை; கம்பனிடம் எத்தனை உவமைகளைக் கடன் வாங்கினார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நாட்டுப் படலத்தின் வயல்களும் பொழில்களும் பாடமாகின்றன. நாம் சொல்ல வருவது ஏழாவதும் எட்டாவதுமான படலங்களை. மணம் பேசிய பெண் கருவுற்றிருக்கக் கண்ட மனிதனின் கலக்கத்தை மத்தேயு ஓரிரு வசனங்களில் கடந்துவிடுகிறார். முனிவர் அதற்கு ‘ஐயந்தோற்று படலம்’, ‘ஐயநீங்கு படலம்’ என இரண்டை ஒதுக்கினார்.

மத்தேயு யோசேப்பை நீதிமான் என்கிறார். அவர் கையில் சட்டம் இருந்தது; அது கல்லெறியச் சொல்லும் சட்டம். அவர் அதை நாடவில்லை, இரகசியமாக விலக்கிவிடலாம் என்று மென்மையான ஒரு தீர்ப்புக்கு வந்திருந்தார். அதையும் விடவேண்டியிருந்தது. விடச் செய்தது எந்தச் சட்டப்பிரிவும் அன்று, ஒரு கனவு. அன்பர்கள் இவ்விரு படலங்களையும் உரையோடு ஒருமுறை வாசித்துவிட்டு, உவமைகளை எண்ணாமல், அந்தத் தச்சுப்பட்டறையின் மூலையில் சற்று நேரம் நின்றுபார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். மரத்தூள் எப்படி மணக்கிறது, அவர் இரவில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தார் என்பதையெல்லாம் முனிவர் சொல்லாத இடங்களில் நீங்களே சொல்லிக்கொள்ளலாம்.